முட்டையில் பூ

அக்டோபர் 9

காலை ஏழு மணிக்கு மைனஸ் 3. ஆற்று மட்டம் 112. முட்டை ஒன்பது. அதில் ஆறு அழுக்கு.

வானிலை அலுவலகத்துக்கு அனுப்புகிற நோட்டில் முட்டையைப் பற்றி எழுத முடியாது. அதனால்தான் வீட்டில் இந்த இன்னொரு நோட்டு. இருபத்திரண்டு வருஷமாகத் தினம் மூன்று வேளை பனியையும் ஆற்றையும் அளந்து எழுதிய கை. வீட்டுக்கு வந்தும் எதையாவது எழுதாமல் இருக்க முடிவதில்லை.

புருல் மாஸ்கோ போய் இன்றோடு இருபது நாள். ஏதோ ஒரு பெரிய கடையில் தரை துடைக்கும் வேலை. ஒரு வருஷம் போதும், கூரைக்குத் தகரம் போட்டுவிடலாம் என்பதுதான் பேச்சு. போகும்போது பத்தொன்பது கோழியையும் ஒரு சேவலையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். "ஆடுன்னா மேய்க்கிறவன்கிட்ட விட்டுடலாம். கோழிய யாரு மேய்ப்பா? நீங்கதான்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பஸ் ஏறும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

முட்டை இவ்வளவு அழுக்காக வரும் என்று எனக்குத் தெரியாது. அவள் இருந்தபோது தட்டுக்கு வந்ததெல்லாம் பளிச்சென்று இருந்தது. கோழியே அப்படித்தான் போடும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நாற்பத்தாறு வயது. நல்ல வேளை, இதை யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 10

போனில் கேட்டேன். இடைவேளையில் இருந்தாள், பக்கத்தில் யாரோ ரஷ்ய மொழியில் சிரிக்கும் சத்தம்.

"தண்ணி மட்டும் காட்டாதீங்க, பனிக்காரரே. முட்டை மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கு. தண்ணி பட்டா அது போயிடும், அப்புறம் முட்டை மூச்சு முட்டிச் செத்துடும். பூவக் காயவிடுங்க. காஞ்சதும் கத்தி முதுகால லேசாச் சுரண்டிட்டு, கம்பளத் துண்டு வச்சு ஒத்தித் தேயுங்க. கூர்முனை கீழ பாக்கிற மாதிரி ஓட்ஸ்ல புதைச்சு வச்சா அஞ்சு மாசம் கெடாது."

பூ என்றால் கோழி எச்சம். இதை எழுதிவைக்க வேண்டும் போல இருக்கிறது.

அண்ணனுக்குப் பிறகு பிறந்த மூன்று பிள்ளைகள் தொட்டிலிலேயே போய்விட்டன. நான்காவதாக வந்த என் மேலாவது சாவு கண் வைக்கக் கூடாது என்று அப்பா எனக்குத் தெஸெக்பாய் என்று பெயர் வைத்தார். தெஸெக் என்றால் சாணம். அடுப்பில் எரிக்கிற வரட்டிக்கும் அந்தப் பெயர்தான், கோழி எச்சத்துக்கும் அந்தப் பெயர்தான். சாணத்தை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? யாரும் தூக்கவில்லை. இருக்கிறேன்.

எங்கள் வழக்கத்தில் கட்டிக்கொண்டவள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அந்தப் பெயருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்ல மாட்டாள். வரட்டி எரித்துக் குளிர் தாண்டுகிற ஊரில், அந்தச் சொல்லை ஒரு தடவைகூட வாயில் எடுக்காமல் பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள் புருல். அடுப்பில் போடுவது 'கறுப்பு ரொட்டி'. கொட்டிலில் வாருவது 'நேத்துப் புல்லு'. முட்டையில் ஒட்டியிருப்பது 'பூ'. எல்லாம் அவளாக வைத்த பெயர்கள். கல்யாணமான முதல் வாரம், "கறுப்பு ரொட்டி தீந்துபோச்சு," என்று வந்து நின்றாள். நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன். வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிள்ளை பிறந்திருந்தால் 'இன்னாரோட அப்பா' என்று கூப்பிட்டிருப்பாள். பிறக்கவில்லை. பனி அளப்பவன் என்பதால் பனிக்காரர் ஆனேன்.

அக்டோபர் 17

முட்டை ஏழு. ஏழும் பூ.

அக்டோபர் 24

கொட்டில் வாசலில் குப்புறக் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து கம்பளத் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஜெக்ஷென் வேலிக்கு மேல் தலையை நீட்டினான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அன்றிலிருந்து வாய் ஓய்ந்ததில்லை.

"ஏ, எல்லாரும் வாங்க! தெஸெக்கே உக்காந்து தெஸெக்கத் தொடைக்குது!"

"தொடைச்சது உனக்குத்தான்டா. வா, வந்து வாய்ல போட்டுக்க."

"பொண்டாட்டி சம்பாதிக்கிறா, புருஷன் முட்டை தேய்க்கிறான். கோழிக்கு இருக்குற ரோஷம்கூட உனக்கு இல்லடா."

சிரித்தேன். அவனும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் உள்ளே போன பிறகு மூன்று முட்டையை அழுத்தித் தேய்த்து உடைத்தேன். ஒரு முட்டைக்கு ஐந்து நிமிஷம் ஆகிறது. அவள் எப்படி இதைத் தினம் செய்தாள்? செய்ததை நான் ஒரு நாளும் பார்த்த ஞாபகம் இல்லை. எங்கே உட்கார்ந்து செய்தாள்? எந்த நேரத்தில்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகத்துக்கு வரவில்லை.

நவம்பர் 2

மைனஸ் 8. முதல் பனி, 4 சென்டிமீட்டர்.

ஒரு வாளி ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, சேர்ந்துபோன இருபத்தாறு முட்டையையும் அதில் போட்டுக் கழுவிவிட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. விரல்தான் விறைத்துப்போனது. ஆனால் முட்டை ஒவ்வொன்றும் என்ன வெள்ளை! அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. ஒரு தோலாம், மூச்சாம். பெண்கள் இப்படி எதையாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டில் அடுக்கிப் படம் எடுத்து அனுப்பினேன். கழுவிய முட்டை தூரத்திலிருந்தே மினுங்கும், அவள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டு வாங்கவும் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. சாயங்காலம் பதில் வந்தது. ஒரு மஞ்சள் சூரியன் படம். வேறு ஒன்றும் இல்லை.

சரி, அவளுக்குப் பிடித்துவிட்டது.

நவம்பர் 15

நூரூஸ் பண்டிகைக்கு வருகிறாளாம்! மார்ச் 21. பத்து நாள் லீவு கேட்டிருக்கிறாளாம்.

"நெசமாத்தானே?"

"கேட்டிருக்கேங்க. குடுத்தா வருவேன்."

குடுப்பார்கள். ஏன் குடுக்க மாட்டார்கள்? குளிர் முற்றினால் கோழிகள் போடுவதை நிறுத்திவிடும். அதனால் இப்போதே சேர்த்துவைக்கிறேன். நிலவறையில் ஓட்ஸ் பெட்டி, எல்லாம் கழுவி, கூர்முனை கீழே. இன்றுவரை ஐம்பத்தெட்டு. அவள் வந்து இறங்கும்போது, நான் ஒருத்தனே வீட்டை எப்படி வைத்திருந்தேன் என்று பார்க்கட்டும். நன்றாக வாழ்ந்துகாட்ட வேண்டும் என்ற ஆசை இந்த வயதில் வருகிறது.

டிசம்பர் 3

மைனஸ் 17. போன் எடுக்கவில்லை.

டிசம்பர் 6

எடுத்தாள். வேலை அதிகமாம். ஒரு நிமிஷம் பேசினாள்.

டிசம்பர் 20

நிலவறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. ஓட்ஸ் ஈரமாகி, பச்சையும் கறுப்புமாகக் கட்டி தட்டிக் கிடந்தது. மேலே இருந்த முட்டை ஒன்று வெடித்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே கலங்கிக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று மூன்றும் போய்விட்டது.

வாளி வாளியாக எடுத்துக்கொண்டுபோய்ப் பனியில் குழி தோண்டிப் புதைத்தேன். ஓட்ஸையும் புதைத்தேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். கழுவிய முட்டை மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று போனில் சொல்லத்தானே செய்தாள்? எத்தனை எளிதாகச் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டிருக்கிறேன்.

டிசம்பர் 21

எழுதலாமா வேண்டாமா என்று நோட்டை மூன்று தடவை மூடிவிட்டேன்.

அவளிடம் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று போன் செய்தேன். எடுத்தாள். எங்கேயோ நடந்துகொண்டிருந்தாள், மூச்சு வாங்கியது. தண்ணீரில் கழுவினேன், எல்லாம் கெட்டுப்போச்சு, தொண்ணூற்று மூன்று, என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள்.

"அய்யோ, தெஸெக் ஒட்டியிருந்தா காயவிட்டுத்தானே சுரண்டணும்? பச்சத் தண்ணியில போட்டா அந்தத் தெஸெக் எல்லாம் உள்ளதான் போகும்! எத்தன தடவ சொல்றது?"

போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தேன்.

"கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன். சரி, பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியவே இல்லை. நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை, தயங்கவில்லை, ஒன்றும் இல்லை. பதினேழு வருஷத்தில் முதல் தடவை என் பெயர் அவள் வாயில் வந்தது. அதுவும் கோழி எச்சத்துக்கு. இரண்டு தடவை.

டிசம்பர் 22

மைனஸ் 24. பனி 31. அளந்தேன். எழுதினேன்.

டிசம்பர் 25

இப்படியும் இருக்கலாமே. அங்கே நாள் முழுக்க ரஷ்ய மொழி. கூட வேலை செய்கிறவர்கள் பல ஊர்ப் பெண்கள். அவர்கள் மத்தியில் போய்ப் பூ, கறுப்பு ரொட்டி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? நாக்கு பழகிவிட்டிருக்கும். அவசரத்தில் வந்துவிட்டது. பஸ் வேறு வந்துவிட்டது. நகரத்தில் இருக்கிற எத்தனையோ பெண்கள் இப்போது புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், யார் குடி கெட்டுப்போனது?

இதையெல்லாம் கொட்டிலுக்குப் போகும் வழியில் சத்தமாகவே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சேவல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஜனவரி 2

இன்று ஒரு கேவலமான காரியம் செய்தேன். அவளைச் சோதித்தேன்.

புத்தாண்டு வாழ்த்து சொன்ன பிறகு, "கரி தீந்துபோச்சு புருல், இந்தக் குளிருக்கு அடுப்புல என்ன போடுறது?" என்று கேட்டேன். பதிலை அவள் எப்படிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டுவிட்டு நிற்பாரே, அந்த மாதிரி. கறுப்பு ரொட்டி என்று சொல், சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"தெஸெக்தான், வேற என்ன? கொட்டிலுக்குப் பின்னாடி அடுக்கி வச்சுட்டுத்தானே வந்தேன். போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். அடுக்கி வைத்திருந்தாள். மழை படாமல் மேலே தார்ப்பாய் மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்து. போவதற்கு முன்னால் இவ்வளவு பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கிறாள். அதன் பக்கத்தில் நின்று அழுதேன். கண்ணீர் இமையிலேயே உறைந்துவிட்டது. சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 12

கோழிகள் நிறுத்திவிட்டன. முட்டை இல்லை. துடைக்க வேலையும் இல்லை. சாயங்காலம் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜனவரி 30

சோனுன் அண்ணி வந்தாள். அண்ணன் மனைவி. சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அதை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள். அப்போதே தெரிந்துவிட்டது.

"சின்னவரே, நீங்க கொஞ்சம் உக்காருங்க."

"நான் உக்காந்துதான் இருக்கேன் அண்ணி. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தாள். முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள். "புருல் என்கிட்ட பேசினா. உங்ககிட்ட சொல்ல அவளுக்கு வாய் வரலையாம்."

"எங்கிட்ட பேச நல்லாத்தான் வாய் வருது," என்றேன். அண்ணிக்குப் புரியவில்லை.

"ஓஷ் பக்கத்து ஆளாம். மாஸ்கோவுல லாரி ஓட்டுறான். பொண்டாட்டி செத்துட்டா, ஒரு பொண்ணு இருக்கு. கெட்டவன் இல்லன்னு சொல்றா. உங்களையும் ஒரு கொறையும் சொல்லல. அழுதா. அல்லா மேல ஆணையா அழுதா, சின்னவரே."

"எப்பலேருந்து?"

"அது எதுக்கு உங்களுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"அக்டோபர் கடைசின்னு நெனைக்கிறேன்."

நவம்பர் 2-ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன், அண்ணி முன்னாலேயே. 'சரி, அவளுக்குப் பிடித்துவிட்டது' என்று என் கையெழுத்து.

அவர்களுக்கு நிக்காஹ் செய்துகொள்ள வேண்டுமாம். தப்பாக வாழ அவளுக்கு மனசு வரவில்லையாம். எங்களுக்கு அரசாங்கப் பதிவு கிடையாது. பள்ளிவாசல் மோல்தோ ஓதி நடந்த நிக்காஹ்தான். அதனால் பெரிய வேலை ஒன்றும் இல்லை, நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எந்த வார்த்தை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

தலாக். தெரியும். அவள் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டாள், இப்போது நானும் ஒன்றைச் சொல்ல வேண்டுமாம். சொல்ல மாட்டேன் என்றேன். அண்ணி ரொட்டியைப் பிட்டு என் முன்னால் வைத்தாள். சாப்பிடுங்க என்றாள். எப்போது போனாள் என்று கவனிக்கவில்லை.

பிப்ரவரி 4

சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் ஆகட்டும், பத்து வருஷம் ஆகட்டும். என் வாய், என் நாக்கு. லாரிக்காரன் காத்துக்கிடக்கட்டும்.

பிப்ரவரி 5

இரவெல்லாம் யோசித்தேன். பூவுக்கு அங்கே என்ன பெயர்? அவன் பெயர் என்ன? அவன் பெயருக்காக எந்தச் சொல்லை விட்டிருக்கிறாள் இப்போது? ஒரு நாக்கில் எத்தனை பேருக்குத்தான் இடம்? என் பெயர் கீழே விழுந்தது அவனுக்கு இடம் வேண்டித்தான்.

பைத்தியம் மாதிரி எழுதுகிறேன். போதும்.

பிப்ரவரி 19

மைனஸ் 11. வெளிச்சம் கூடிவிட்டது, கோழிகள் மறுபடி போடத் தொடங்கிவிட்டன. நான்கு முட்டை. அப்படியே மேசையில் போட்டுவிட்டேன். துடைக்கவில்லை.

பிப்ரவரி 27

மேசையில் இருபத்தொன்று. எல்லாம் எச்சம் காய்ந்து, இறகு ஒட்டி. வீடே கொட்டில் நாற்றம் நாறுகிறது. ஜெக்ஷென் உள்ளே வந்து பார்த்தான். முதல் தடவையாக அவன் வாயில் கிண்டல் வரவில்லை. என் தோளைத் தட்டிவிட்டு, "சவரமாவது பண்ணுடா," என்று சொல்லிவிட்டுப் போனான். விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

மார்ச் 5

மூன்று மணி அளவீட்டை மறந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. நகரத்திலிருந்து போன் செய்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 14

கொட்டிலில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்கிற நேரம். கோழிகள் ஒவ்வொன்றாக அடைய வந்தன. கம்பில் ஏறி உட்கார வேண்டியவை கம்பைத் தாண்டிப்போய், முட்டையிடும் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டன. ஒரு பெட்டிக்கு மூன்று. ராத்திரி முழுக்க அதிலேயே எச்சமிட்டு, காலையில் அதன் மேலேயே முட்டை.

அப்போதுதான் உறைத்தது. கோழி எங்கே உயரமோ அங்கேதான் படுக்கும். அவள் போன மறுநாள் உளுத்துப்போன கம்பை மாற்றினேன். கிழட்டுக் கோழி ஒன்று ஏற முடியாமல் திணறுகிறதே என்று இரக்கப்பட்டு, புதுக் கம்பைப் பெட்டிக்குக் கீழே தாழ்த்தி அடித்தேன். அன்றிலிருந்துதான் இவ்வளவு அழுக்கு. கோழிகள் இல்லை, வைக்கோல் இல்லை, நான்தான். ஆறு மாசமாக நானே அழுக்காக்கி, நானே தேய்த்து, நானே கழுவி, நானே புதைத்திருக்கிறேன்.

ஏன் அழுக்காகிறது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "கம்ப எங்க அடிச்சீங்க?" என்றுதான் முதலில் கேட்டிருப்பாள்.

கம்பைப் பிடுங்கி, பெட்டிக்கு மேலே ஒரு முழம் உயர்த்தி அடித்தேன். கிழட்டுக் கோழிக்கு ஒரு பலகையைச் சாய்த்துப் படி வைத்தேன்.

மார்ச் 16

முட்டை பதினொன்று. ஒன்றில்கூட அழுக்கு இல்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் 21

நூரூஸ். அவள் வரவில்லை. வர மாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் காலை பஸ் வரும் நேரத்தில் ஆற்றங்கரைக்குப் போகாமல் ரோட்டுப் பக்கம் நின்றேன். மூன்று பேர் இறங்கினார்கள். மூன்று பேரும் மார்ச் மாசத்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்து வாழ்த்து சொன்னார்கள்.

அண்ணி கோதுமை முளைக்கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 24

அவளே போன் செய்தாள்.

குரல் பழைய குரலாக இருந்தது. சாப்பிட்டீங்களா என்றாள். பனி உருகிடுச்சா என்றாள். கூரை ஒழுகுதா என்றாள். நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். எதற்காகக் கூப்பிட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.  பிறகு மெதுவாக, மிகவும் மெதுவாக,

"முட்டையில இன்னும் பூ வருதா, பனிக்காரரே?"

பூ! சொல்லைத் தேடிப் பிடித்து, யோசித்து, எடுத்து வைக்கிறாள். எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்து. அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் காட்டுகிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெஸெக் என்று நூறு தடவை சொல்லியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அவள் பூ என்ற சொல்லைச் சிரித்துக்கொண்டே, யோசிக்காமல், தினம் பத்துத் தடவை சொன்ன நாட்கள் இருந்தன. அது என் வீட்டுச் சொல். இப்போது அதை என்னிடமே லஞ்சமாகக் கொடுக்கிறாள்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அந்தப் பக்கம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது கேட்டது. பயந்துபோய் இருந்தாள். என்னைப் பார்த்துப் புருல் பயந்து நான் கண்டதில்லை. இவளை இன்னும் ஒரு மாசம் பிடித்துவைத்தால் தினம் இப்படித்தான் பேசுவாள். இதைக் கேட்டுக்கொண்டா நான் இருக்கப்போகிறேன்?

"இல்ல," என்றேன். "இப்ப வர்றதில்ல. நின்னுபோச்சு."

"எப்படி?"

"கம்ப ஒசத்தி அடிச்சேன்."

"ஓ," என்றாள். "ஆமா, அது ஒசரமாத்தான் இருக்கணும்."

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு மோல்தோ வீட்டுக்கு வரேன்னு அண்ணிகிட்ட சொல்லு. அந்த நேரத்துக்கு நீ போன எடு."

அவள் அழ ஆரம்பித்தாள். வைத்துவிட்டேன்.

மார்ச் 29

காலை பிளஸ் 2. ஆற்று மட்டம் 121. சவரம் செய்துகொண்டேன்.

மோல்தோ வீட்டில் அண்ணனும் ஜெக்ஷெனும் சாட்சி. தாழ்ந்த மேசையில் ரொட்டிக்குப் பக்கத்தில் போனை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்கள். மோல்தோ இளம் வயது, என்னைவிடப் பத்து வயது சின்னவர். பாவம், வியர்த்துவிட்டது அவருக்கு. சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் கேட்டார். இல்லை என்றோம். என் முழுப் பெயரைச் சொல்லி, இன்னார் மகன் இன்னார் என்று சொல்லி, யாரும் வற்புறுத்தாமல்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சொன்னேன். சின்ன வார்த்தைதான். தெளிவாகவே வந்தது. ஜெக்ஷென் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தான். அண்ணன் தாடியைத் தடவிக்கொண்டார்.

 லைன் அறுந்துவிட்டதோ என்று மோல்தோ குனிந்து பார்த்தார். பிறகு அவள் குரல் வந்தது.

"நல்லா இருங்க, அண்ணே."

எங்கள் ஊரில் தன்னைவிட மூத்த ஆண் எவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டுகிறவரை, கடைக்காரரை, வழி சொல்கிற முன்பின் தெரியாதவரை. அவள் சொன்னது சரிதான். இனிமேல் வேறு எப்படிக் கூப்பிட முடியும்? எனக்குத்தான் ஒரு கணம், யாரைச் சொல்கிறாள் என்று புரியவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீயும் நல்லா இரும்மா," என்றேன்.

மோல்தோ போனை அணைத்து என்னிடம் நீட்டினார். தேநீர் ஊற்றட்டுமா என்று கேட்டார். ஊற்றச் சொன்னேன்.

ஏப்ரல் 27

பிளஸ் 6. ஆற்று மட்டம் 158, மேலே பனி உருகி இறங்குகிறது.

கோழிகளை அண்ணி வீட்டுக்குக் கொடுத்து இரண்டு வாரம் ஆகிறது. இன்று கடைக்குப் போனபோது பத்து முட்டை வாங்கினேன். எங்கேயோ பண்ணையிலிருந்து வருகிறது. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. இரண்டை வேகவைத்துச் சாப்பிட்டேன்.